பதிவேடு ஏன் வெறுமையாயிற்று?

ஆர்சிஸ்லாக் என்னும் பணியாளன், பிற கணினிகளின் செய்திகளை 514-ஆம் வாயிலில் வாங்கிப் பதிவேட்டில் எழுதுபவன். இடம் போதவில்லையென்று பதிவேட்டை வேறோர் அடைவுக்கு மாற்றுகிறோம். பணியாளன் ஓடிக்கொண்டிருக்கிறான், பதிவேட்டிலோ ஒரு வரியும் இல்லை! நாளை எவனேனும் களவாய் நுழைந்தால் எதைச் சான்று காட்டுவது?

கோப்பு உரிமைகள் சரியே. ஃபெடோராவில் அவன் ரூட் எனும் தலைவனாகவே இயங்குகிறான்; அவனுக்கும் கதவு திறக்கவில்லை. நம் மைசூர் அரண்மனையை நினையுங்கள். சீட்டு வாங்கியவர் தர்பார் மண்டபம் காணலாம். அரச குடும்பம் வாழும் பகுதியில் அச்சீட்டுச் செல்லாது. அத்தகைய இரண்டாம் காவலே எஸ்.ஈ.லினக்ஸ். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட இது, 2003-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஆள் யாரென்று இது பார்ப்பதில்லை. ஒட்டியுள்ள முத்திரையையே பார்க்கும்.

தணிக்கைப் பதிவில் ‘ஏவிசி’ வரியைத் தேடுங்கள். தடுக்கப்பட்டவனின் முத்திரை ‘சிஸ்லாக்டி_டி’ என்றும், அடைவின் முத்திரை பெரும்பாலும் ‘டிஃபால்ட்_டி’ என்றும் இருக்கும். பிணக்கு அங்கேதான்.

சிலர் உடனே ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்று காவலையே கலைத்துவிடுவர். ஐந்து நிமிடச் சோதனைக்கு ஆகட்டும். அப்படியே விடுவது எனக்கு உடன்பாடன்று. ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ கட்டளையால் அவ்வடைவுக்கு ‘வார்_லாக்_டி’ என விதி எழுதி, ‘ரெஸ்டோர்கான்’ கொண்டு ஒட்டுங்கள். ‘சிஹெச்கான்’ ஒட்டும் முத்திரை, மறுமுத்திரையிடும்போது உதிர்ந்துபோகும். புதிய வாயில் எண் வைத்திருந்தால் அதற்கும் ‘செமேனேஜ் போர்ட்’ வழியே முத்திரை வேண்டும். பிறகு பணியாளனை மறுபடி தொடக்கி, ‘லாகர்’ கட்டளையால் ஒரு வரி அனுப்பிப் பாருங்கள்.