கார் மேலே, கவனம் கீழே

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய வாட்டர் சர்வீஸை நினைவிருக்கிறதா? தரைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு தண்டு மெல்ல எழும். அதன் தலையில் அம்பாசடர் கார் உட்கார்ந்திருக்கும். அடியில் நின்று ஒரு பையன் சேற்றின் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பான். அந்தத் தண்டின் மூதாதை 1925-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிறந்தது. பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக், சலூன் நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்து அந்த யோசனையைப் பிடித்தார் என்பார்கள். நூறாண்டு கழித்து அதே கருவி இப்போது வீட்டு கராஜுக்குள் வரப் பார்க்கிறது.

இந்தியாவில் அதற்குப் பொருத்தமான ஊர் புனே. பிம்பிரியிலும் சாக்கனிலும் கார் ஆலைகள். 1966-இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. இங்கேதான் இருக்கிறது. ஊரில் பதிவான வாகனங்கள் 36 லட்சத்தைத் தாண்டி மக்கள்தொகையையே முந்திவிட்டன என்று 2018-இல் செய்தி வந்தது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் ஒரு கார் மேல் இன்னொரு காரை ஏற்றி நிறுத்தும் ‘ஸ்டாக் பார்க்கிங்’ இங்கே சாதாரணக் காட்சி. அந்தச் சாதனங்களைத் தரும் க்ளாஸ், வோர் என்ற ஜெர்மன் பெயர்களின் இந்திய நிறுவனங்களும் புனேயில்தான் இயங்குகின்றன. தனி பங்களாக்காரர் ஒருவர், ‘நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன?’ என்று கேட்பது இயல்புதானே.

இரண்டு தூணா, நான்கா?

இப்படிக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு இரண்டு கார், இடமோ ஒன்றுக்குத்தான். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமையானால் காருக்கு அடியில் படுக்கும் ஆசாமி. முன்னவருக்கு நான்கு தூண் லிஃப்ட்: கார் தன் சக்கரங்களிலேயே மேடையில் நிற்கும், மேடையோடு மேலே போகும். பின்னவருக்கு இரண்டு தூண் லிஃப்ட்: நான்கு கைகள் காரின் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கும், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு அதுதான் வசதி. பணிமனைகளுக்கு இவற்றைச் செய்து தருவதில் கோவையின் ஏ.டி.எஸ். எல்ஜிக்குப் பெயர் உண்டு.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை டன் தூக்கும்?’ கேட்க வேண்டியதுதான், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் குறைவு. ஃபார்ச்சூனர் இரண்டு டன்னைத் தாண்டும். 4 டன் லிஃப்ட் இரண்டையும் தூக்கிவிடும். ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. 4 டன் என்பது நான்கு கைகளுக்கும் சேர்த்து. ஒரு கைக்கு ஒரு டன்தான். முன்னால் எஞ்சின் உள்ள காரில் பாதிக்கு மேற்பட்ட எடை முன்கைகளில் விழும். மின்சாரக் கார் என்றால் பேட்டரியே வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. காரின் கையேடு காட்டும் இடத்தில் மட்டும்தான் முட்டுக் கொடுக்கலாம்.

ஒரு யூனிட்டுக்கு எழுபது முறை

தூக்குவது எவ்வளவு சின்ன வேலை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ காரை 1.8 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 26,500 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். மோட்டாரிலும் பம்பிலும் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட்டில் காரை ஏறத்தாழ எழுபது முறை தூக்கலாம். முக்கால் நிமிடத்தில் ஏற்ற இரண்டு குதிரைத்திறன் மோட்டார் போதும்.

மிச்ச வேலையைப் பாஸ்கலின் விதி பார்த்துக்கொள்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும். 6 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 50 கிலோ விசையோடு எண்ணெய் அழுத்தினால், அந்த ஒரு பிஸ்டனே 1,400 கிலோவைத் தூக்கிவிடும். இரண்டு தூண்களும் முன்பின்னாக ஏறிவிடாதபடி ஒரு இரும்புக் கயிறு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும்.

ஆக, தூக்குவது எளிது. தூக்கியதை மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாங்கி நிற்பதுதான் பெரும்பாடு. எண்ணெயை நம்பி அதை விட முடியாது. ரப்பர் சீல் தேயும், குழாய் கசியும். அதனால்தான் கார் ஏறும்போது தூணுக்குள் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு படியாக இரும்புப் பூட்டு விழுகிற சத்தம் அது. விரும்பிய உயரம் வந்ததும் காரைச் சற்றே இறக்கி, அந்தப் பூட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். எடை இரும்பில் இறங்கிய பிறகே அடியில் தலையை நீட்டலாம். 1854-இல் மாடி லிஃப்டின் முன்னோடி எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்கில் கூட்டத்தின் முன் கயிற்றை வெட்டச் சொல்லி, தான் நின்ற மேடை விழாமல் நிற்பதைக் காட்டியதும் இதே தத்துவத்தைத்தான்.

போல்ட்டை மேலே இழுக்கும் எடை

பூட்டு தூணைப் பிடித்திருக்கிறது. தூணைப் பிடித்திருப்பது எது? இரண்டு தூண் லிஃப்டில் காரின் எடை தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை. தூணிலிருந்து உள்பக்கமாக, கைகளின் நுனியில் தொங்குகிறது. 1,500 கிலோ கார் என்றால் ஒரு தூணுக்கு 750 கிலோ. அது தூணிலிருந்து 75 செ.மீ. தள்ளி அமர்கிறது என்று கொள்வோம். தூண் நிற்கும் அடித்தகட்டின் பிடிமான நீளம் 40 செ.மீ. எனில், தகட்டின் வெளிப்புற விளிம்பைத் தரையிலிருந்து பெயர்க்கப் பார்க்கும் விசை சுமார் 1,400 கிலோ. கடப்பாரையை நெம்பும் அதே கணக்கு. எடை கீழ்நோக்கி அழுத்துகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, தகட்டைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளை அது மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது!

இழுபடும் போல்ட்டுக்குக் கான்கிரீட்தான் கதி. நம் வீட்டு வண்டி நிறுத்தும் இடத்தில் டைல்ஸுக்கு அடியில் பெரும்பாலும் மூன்று நான்கு அங்குல பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட்தான் இருக்கும், டைல்ஸைத் தாங்கப் போட்டது, போல்ட்டைப் பிடிக்க அல்ல. லிஃப்ட் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது நான்கு அங்குல நல்ல கான்கிரீட். பொறியாளர்கள் ஆறு அங்குலம், கம்பி கட்டி, எம்-25 தரத்தில் போடச் சொல்வார்கள். எம்-25 என்றால் 28 நாள் கழித்துச் சோதிக்கையில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 250 கிலோ அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். ‘ஒரு வாரம் போதும் சார், மாட்டிடலாம்’ என்பவரின் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல வீடுகளில் தண்ணீர் சம்ப் வண்டி நிற்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கிறது. சம்ப் மூடியிருக்கும் ஸ்லாபில் லிஃப்டை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

எரிமலை தந்த தரை

கான்கிரீட்டைத் தாங்குவது மண். புனே நிற்பது தக்காணப் பாறையில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் வழிந்து உறைந்த பசால்ட் அது. ஏ.ஆர்.ஏ.ஐ. அமைந்துள்ள வேதாள் டேக்டி குன்றின் பழைய குவாரியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குன்றோரத்தில் வீடு இருந்தால் அதிர்ஷ்டம். சில அடிகளிலேயே பாறையோ, பாறை சிதைந்த முரமோ கிடைக்கும். லிஃப்டுக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது.

முளா, முட்டா ஆற்றோரத் தாழ்வுகளில் கதை வேறு. அங்கே கரிசல் மண். கோவில்பட்டிக் காட்டில் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கிறதே, அதே குணம். மண்ணிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மழையில் நீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். ஆண்டுதோறும் ஏறி இறங்கும் அந்தத் தரை ஒரு தூணை மட்டும் அரை அங்குலம் சாய்த்தால் போதும். பெரிய செலவு பிறகு தானாக வரும். கரிசலைத் தோண்டி எடுத்து, முரம் கொட்டிக் கெட்டித்து, அதன்மேல்தான் கான்கிரீட் போட வேண்டும்.

அடுத்தது உயரம். கீழே க்ரெட்டா, மேலே ஸ்விஃப்ட் என்றால் 1.64 மீட்டரும் 1.52 மீட்டரும், மேடைக்கும் இடைவெளிக்கும் கால் மீட்டரும் சேர்த்து 3.4 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் வீட்டுக் கூரை பத்தடி, அதாவது 3 மீட்டர். அதிலும் பீம் குறுக்கே வரும். ‘அப்படியானால் பள்ளம் தோண்டிக் கீழ்க்காரை இறக்கிவிடலாம்’ என்பார்கள். 2024 ஜூலை 25-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கனமழையோடு கடக்வாஸ்லா அணை நீரும் சேர, சிங்ககட் சாலையின் ஏக்தா நகரியில் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பள்ளத்தில் நிறுத்திய கார் முதலில் மூழ்கும். மோட்டாரும் அங்கே இருந்தால், காரை மேலே கொண்டுவர வழியே இல்லை. பள்ளம் தவிர்க்க முடியாதென்றால் நீரிறைக்கும் பம்ப், வெள்ள மட்டத்துக்கு மேலே மோட்டார், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம்.

லிஃப்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தூண் நிற்கப் போகும் ஒவ்வொரு இடத்திலும் டைல்ஸை எடுத்து, ஒரு துளை போட்டு, கான்கிரீட் எத்தனை அங்குலம், அதன் கீழே என்ன மண் என்று ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தத் துளை சொல்லிவிடும்.