விளிம்பில் தெரியும் மண்: பழைய பிரெஞ்சுத் தட்டு வாங்குவோர் கவனத்துக்கு

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு தட்டு கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பூச்சில் நீலச் சித்திரம்: குடை பிடித்த சீனர், பகோடா, வளைந்த பாலம். "பாண்டிச்சேரி பங்களா சரக்கு சார், இருநூறு வருஷம்" என்கிறார் கடைக்காரர். பில் கேட்டால், "சந்தையில ஏது சார் பில்லு?"

முதலில் தட்டைக் குப்புறத் திருப்பிப் பார்க்க வேண்டும். சீனப் பீங்கானுக்கான வெள்ளைக் களிமண் 17-ம் நூற்றாண்டு பிரான்சில் கிடைக்கவில்லை. நெவேர், ரூவான் ஊர்க் குயவர்கள் சாதாரண மண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த பூச்சால் வெளுப்பாக்கி, அதன்மேல் சீனக் காட்சிகளைத் தீட்டினார்கள். ஃபையான்ஸ் என்பது இதுதான். பூச்சு உதிர்ந்த விளிம்பில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சொரசொரப்பான மண் தெரியும். உள்ளேயும் வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்தால் அது பீங்கான். அடியில் 'ஃபிரான்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் 18-ம் நூற்றாண்டுப் பேச்சுக்கே இடமில்லை. 1891 முதல் அமெரிக்கா தன் இறக்குமதிகளில் நாட்டின் பெயரைக் கேட்ட பிறகே அந்த வழக்கம் பரவியது. முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது; மார்செயில் பெரான் அம்மையார் நடத்திய பட்டறையின் 'வி.பி.' முத்திரைக்குப் போலிகள் ஏராளம்.

அந்தப் பூச்சில் காரீயமும் உண்டு. நம் வீட்டு ரசத்துக்கான ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அதை நினைத்து இதில் புளிக்குழம்போ ஊறுகாயோ பரிமாறிவிடக் கூடாது. புளிப்பு பட்டால் காரீயம் உணவில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். சுவரில் மாட்டி ரசிக்கலாம், அவ்வளவுதான்.

பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி முறையற்ற வணிகம். 'பிரெஞ்சு, 18-ம் நூற்றாண்டு, ஒட்டுப்போடாதது' என்று வாய்ப்பேச்சு முழுவதையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். ஏமாந்தது தெரிந்தால் 1915 உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். தாம்பரத்துக்காரருக்கு அது செங்கல்பட்டு. கடை எங்கே இருந்தாலும் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு மட்டும் இந்த வழி இல்லை.

தட்டு அசலாகவே இருந்துவிட்டால் வேறு சட்டம் குறுக்கே வரும். நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள், எந்த நாட்டில் செய்ததானாலும், 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைப் பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சந்தைக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். பாரிஸிலிருக்கும் மகளுக்கென்று தட்டைப் பெட்டியில் வைக்குமுன், தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிட வேண்டும். அதன் சென்னை அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது.