கண்ணாடிச் சுவரைத் தாண்டிய மஞ்சள்

துகளும் அலையும் – 11

ஓர் அணுவில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களில் இது எது, அது எது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த அடையாளமின்மைதான் ஹீலியத்தின் நிறமாலைக் கோடுகளை இரண்டு குடும்பங்களாக்குகிறது என்று 1926-இல் ஹைசன்பெர்க் கண்டுகொண்டது வரை சென்ற வாரம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. அதே அடையாளமின்மை இரண்டு அணுக்களை எப்படிப் பிணைத்து மூலக்கூறு ஆக்குகிறது என்பதைக் கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பூம்பாறையின் மலைப்பூண்டை வைத்து இந்த வாரம் பார்ப்பதாக ஏற்பாடு.

பூண்டு கொஞ்சம் காத்திருக்கட்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநர் பட்டியலில் ஒரு பெயர் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த ஆய்வகத்தின் வயது 125-ஐத் தாண்டிவிட்டது. மதராஸ் வான் ஆய்வகத்தின் வாரிசாக 1899-இல் மலைக்கு வந்தது. முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித். அடுத்தவர் ஜான் எவர்ஷெட். சூரியப் புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்து கண்டவர், உலகப் பாடநூல்கள் அந்தப் பாய்ச்சலை அவர் பெயராலேயே அழைக்கின்றன. பின்னாளில் வந்த வைணு பாப்புவின் பெயரைக் காவலூர் ஆய்வகம் தாங்கி நிற்கிறது. எவர்ஷெடுக்கு அடுத்து 1923 முதல் 1937 வரை பதினான்கு ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவரின் பெயரைச் சொன்னால் மட்டும் மலையில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. தாமஸ் ராய்ட்ஸ்.

இயற்பியல் படித்தவர்களுக்கோ அந்தப் பெயர் எங்கோ மணியடிக்கும். ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்தான் என்று 1909-இல் உறுதிசெய்த ரூதர்ஃபோர்டு – ராய்ட்ஸ் சோதனை! அந்த ராய்ட்ஸ்தான் இந்த ராய்ட்ஸ்.

மான்செஸ்டர், 1908-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்ஃபா துகள், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஹீலியம் அணுதான் என்று ரூதர்ஃபோர்டு பல ஆண்டுகளாகச் சந்தேகித்து வந்தார். மின்னூட்டத்தை அளந்தாயிற்று, கணக்கு பொருந்திற்று. ஆனால் வேதியியலார் கண்ணால் பார்க்காமல் ஒப்பமாட்டார்கள். ஒரு தனிமம் தன்னை ஐயமற நிரூபிக்கும் ஒரே இடம் அதன் நிறமாலை. அதற்குக் கொஞ்சமாவது வாயு வேண்டும். ஆல்ஃபா துகள்களைச் சேகரித்து வாயுவாக்குவது எப்படி?

வழி பிறந்தது கண்ணாடி ஊதுபவரின் கையில். ஆட்டோ பாம்பாக் என்ற கைவினைஞர், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடவும் மெல்லிய சுவர் கொண்ட குழாய் ஒன்றை ஊதிக் கொடுத்தார். காற்றழுத்தத்தைத் தாங்கும், வாயுவைக் கசியவிடாது; ஆனால் பாய்ந்துவரும் ஆல்ஃபா துகள் அதைத் துளைத்துப் போய்விடும். குழாய்க்குள், ஆல்ஃபா துகள்களை உமிழும் ரேடான் வாயுவை அடைத்தார்கள். சுற்றிலும் இன்னொரு குழாய், அதிலிருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். அவ்வப்போது பாதரசத்தை மேலேற்றி, வெளிக்குழாயில் சேர்ந்திருப்பதை ஒரு நுண்குழாய்க்குள் நெருக்கி, மின்சாரம் பாய்ச்சி, நிறமாலைமானி வழியாகப் பார்த்தவர் இருபத்துநான்கு வயது ராய்ட்ஸ்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து, மங்கலாக ஒரு மஞ்சள் கோடு. நான்காம் நாள் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று தெரிந்தன. ஆறாம் நாள் ஹீலியத்தின் வலுவான கோடுகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன.

வெளிக்காற்று கசிந்திருந்தால்? அப்படியானால் நியானின் கோடுகளும் தெரிந்திருக்கும், தெரியவில்லை. ஹீலியம் வாயுவே மெல்லிய சுவர் வழியாக ஊறி வந்திருந்தால்? அதையும் சோதித்தார்கள். உள்குழாயில் ரேடானுக்குப் பதில் வெறும் ஹீலியத்தை அடைத்துப் பார்த்தபோது வெளியே ஒரு கோடும் வரவில்லை. எதிராளி கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே கேட்டு அடைத்துவிட்ட அழகான சோதனை. 1909 பிப்ரவரியில் கட்டுரை வெளியாயிற்று.

அதற்கு முந்தைய மாதம்தான், 1909 ஜனவரி 5 அன்று, எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். ஒரே குளிர்காலத்தில் ஒருவர் மலையுச்சியிலும் இன்னொருவர் ஆலைப்புகை சூழ்ந்த நகரத்திலும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1911-இல், ராய்ட்ஸ் உதவி இயக்குநராகக் கொடைக்கானல் வந்து எவர்ஷெடுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

இந்த வாரத்தின் மகிழ்ச்சி இதோடு முடியவில்லை. ராய்ட்ஸ் பார்த்த அந்த மஞ்சள் கோடு, 587.6 நானோமீட்டர் கோடு, முதன்முதலில் மனிதக் கண்ணில் பட்டது ஆய்வகத்தில் அல்ல, சூரியனில். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் வடபகுதி வழியாகச் சென்றது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நிறமாலைமானியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தவர் நார்மன் போக்சன். சூரிய விளிம்பில் எழுந்த தழல்களில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. உப்பிலிருக்கும் சோடியத்தின் மஞ்சள் 589 நானோமீட்டர் அருகே. வித்தியாசம் மிகமிகச் சிறிது. எல்லோரும் சோடியம் என்று நினைக்கக்கூடிய இடத்தில், இது சோடியத்தின் இடத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று குறித்தவர் போக்சன். அதே ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லாக்கியர் அதே முடிவுக்கு வந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. பூமியில் அது 1895-இல்தான் ராம்சேயின் கையில் கிடைத்தது.

போக்சன் யார்? மதராஸ் வான் ஆய்வகத்தின் தலைவர். அந்த ஆய்வகம்தான் பிற்பாடு மலையேறிக் கொடைக்கானலுக்கு வந்தது. சூரியனில் மஞ்சள் கோட்டைக் கவனித்தவர் ஒரு காலத்தில் தலைமை வகித்த நிறுவனத்துக்கு, அதே கோட்டைக் கதிரியக்கத்தில் கண்டவர் பின்னொரு காலத்தில் தலைவராக வந்து சேர்ந்திருக்கிறார்.

சரி, குவாண்டம் எங்கே? கண்ணாடிக்குழாயிலேயே இருக்கிறது. அந்த ஆல்ஃபா துகள் ரேடான் அணுக்கருவிலிருந்து எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு 1909-இல் உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை.

அணுக்கருவுக்குள் வலிமையான ஈர்ப்பு. வெளியே வந்துவிட்டாலோ மின் விலக்கம் பிடித்துத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மலை. ரேடானின் ஆல்ஃபா துகளுக்கு இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 5.5 அலகு (அலகு என்பது இங்கே பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்). மலையின் உச்சியோ 20 அலகுக்கும் மேல். பழனி அடிவாரத்தில் உருட்டிவிட்ட பந்து கால்வாசி உயரம்கூட ஏற வலுவில்லாமல் இருக்க, மறுநாள் மலைக்கு அந்தப் பக்கம் பூம்பாறையின் படிக்கட்டு வயலில் கிடந்தால் எப்படி இருக்கும்? பழைய இயற்பியலின்படி அது நடக்கவே முடியாது. ஆனால் பாறை யுரேனியத்தில் அது ஒவ்வொரு நொடியும் நடந்துகொண்டிருந்தது.

1928 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கு வந்த ஜார்ஜ் காமாவ், ரூதர்ஃபோர்டின் கட்டுரை ஒன்றில் இந்தப் புதிரைப் படித்தார். அவருக்கும் வயது இருபத்துநான்கு. துகளை அலையாக எழுதிப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது. அலை, மலையின் முகப்பில் மோதியதும் சட்டென்று அற்றுப்போவதில்லை. உள்ளே போகப்போகத் தேய்கிறது. மலை அகலமானதாக இல்லையென்றால் மறுபக்கத்தில் துளியாவது மிஞ்சுகிறது. அந்தத் துளிதான் துகள் வெளியே காணப்படுவதற்கான வாய்ப்பு. அமெரிக்காவில் கர்னியும் கான்டனும் அதே ஆண்டில் தனியாக இதையே கண்டார்கள். குவாண்டம் ஊடுருவல் என்று இன்று பெயர்.

இந்தக் கணக்கின் வலிமை எண்களில் தெரியும். யுரேனியம்-238 உமிழும் ஆல்ஃபாவின் ஆற்றல் 4.2 அலகு, அதன் அரைவாழ்வு 447 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212 உமிழும் ஆல்ஃபாவுக்கு 8.8 அலகு, அதன் அரைவாழ்வு நொடியில் ஒரு கோடியில் மூன்று பங்கு. ஆற்றல் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது. ஆயுளோ, 1-க்குப் பின்னால் 23 சுழியங்கள் போட்டாலும் எட்டாத மடங்கு குறைந்துவிட்டது. மலைக்குள் தேயும் அலை அவ்வளவு நுட்பமாக ஆற்றலைச் சார்ந்திருக்கிறது. காமாவின் சூத்திரம் இந்த இரண்டு முனைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ரேடானின் அரைவாழ்வு 3.8 நாள். ராய்ட்ஸ் இரண்டாம் நாள் மங்கலாகவும் ஆறாம் நாள் முழுமையாகவும் கோடுகளைக் கண்டது ஏன் என்பதும் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது.

சூரியனும் இதே ஊடுருவலில்தான் எரிகிறது, திசை மட்டும் வேறு. அதன் மையத்தில் ஒன்றரைக் கோடி பாகை வெப்பம் இருந்தும், இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தொடத் தேவையான ஆற்றலில் சராசரியாக நூறில் ஒரு பங்குகூட அவற்றிடம் இல்லை. மலையை ஊடுருவித்தான் சேர்கின்றன என்று 1929-இல் அட்கின்சனும் ஹவுட்டர்மான்சும் காட்டினார்கள். அந்தச் சேர்க்கைத் தொடரின் முடிவில் பிறப்பது ஹீலியம். கனமான அணுக்கரு ஹீலியத்தை வெளியே விடுவதும், லேசான அணுக்கருக்கள் கூடி ஹீலியமாவதும் ஒரே விதிப்படி.

பூம்பாறை வயல்களைத் தாங்கி நிற்கும் பாறைகளிலும், உலகின் எல்லாப் பாறைகளிலும் போல, யுரேனியமும் தோரியமும் சிறிதளவு இருக்கின்றன. அங்கே வெளியேறும் ஒவ்வோர் ஆல்ஃபாவும் அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஹீலியமாகிறது. பூமியில் கிடைக்கும் ஹீலியம் ஏறக்குறைய முழுவதும் இப்படிச் சேர்ந்ததுதான். மதுரை மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தைக் கழித்தல் 269 பாகையில் குளிர வைத்திருக்கும் திரவ ஹீலியமும், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பாறைக்குள் மலையை ஊடுருவி வந்த ஆல்ஃபா துகள்களே.

வேதியியலுக்கும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். பூண்டு வயலுக்குக் கொட்டிய எருவிலிருந்து மூக்கைத் துளைக்கும் அமோனியாவையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு முக்கோணம். அதற்கு மேலே நைட்ரஜன் கூம்பின் உச்சிபோல் அமர்ந்திருக்கிறது. கொடைக்கானல் காற்றில் குடை மறுபுறம் மடங்குவதுபோல, அமோனியாவும் தன்னைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. நைட்ரஜன் முக்கோணத்தைக் கடந்துபோகப் போதிய ஆற்றல் கிடையாது; ஊடுருவித்தான் போகிறது. நொடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி தடவை! சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் இரட்டை எடையுள்ள கன ஹைட்ரஜனை வைத்தால் அந்த எண்ணிக்கை பதினைந்தில் ஒரு பங்காகச் சரிகிறது. வேதியியல் வினை ஒன்றுமே மாறவில்லை, எடை மட்டும் கூடியது; அலையின் தேய்வு அதை உடனே காட்டிக்கொடுத்துவிட்டது. இந்தத் துடிப்பைப் பிடித்துத்தான் 1954-இல் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் மேசரைச் செய்தார்கள். லேசருக்கு முன்பிறந்த அண்ணன் அது.

ராய்ட்ஸ் 1937-இல் ஓய்வுபெற்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே காமாவின் கட்டுரை வெளியாகிவிட்டது. தான் கண்ணாடிக்குழாயில் பிடித்த துகள் எந்த வழியாக வெளியே வந்தது என்ற விடை, அவர் கொடைக்கானலில் இயக்குநராக இருந்த காலத்தில்தான் உலகத்துக்குக் கிடைத்தது.

இனி பூண்டு. பூம்பாறையில் அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக நெடியில்லை. அம்மியில் ஒரு தட்டு தட்டினால் வீடு முழுக்க மணக்கிறது. அந்த நெடி பூண்டுக்குள் முன்பே இருந்ததல்ல. தட்டிய பிறகு, சில நொடிகளுக்குள், கந்தக அணுக்கள் தங்கள் பிணைப்பை மாற்றிக்கொண்டு உண்டாக்கியது. கந்தகம் ஏன் அவ்வளவு எளிதில் கூட்டாளியை மாற்றுகிறது? 1927-இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் போட்ட முதல் கணக்கிலிருந்து அடுத்த வாரம்.