வேலையின்மை வெறும் 3.2% தானா? இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

‘இன்ஜினீயரிங் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வேலை தேடிட்டுதான் இருக்கான்’ என்ற பேச்சு இல்லாத தெருவே இல்லை. ஆனால், மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24-ல் இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே வேலையின்மை விகிதம் 3.2% மட்டுமே. 2017-18-ல் இது 6%. அப்போ பிரச்சினை பாதியாகக் குறைஞ்சிடுச்சா?

யார் வேலையில்லாதவர்?

வேலை இல்லாத எல்லோரும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். வேலை தேடுபவர் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர் மட்டுமே வேலையில்லாதவர். வேலை தேடாத கல்லூரி மாணவர், தேடி அலுத்து இனி வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டவர் எல்லாம் கணக்குக்கு வெளியே.

இன்னொரு பக்கம், அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளம் இல்லாமல் உதவும் மகனும் ‘வேலையில் இருப்பவர்’தான்.

எண் ஏன் குறைந்தது?

இதே காலத்தில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு 52.2%-லிருந்து 58.4% ஆக உயர்ந்தது. சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர்களும் இதில் அடக்கம். மாறாக, நிரந்தரச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8%-லிருந்து 21.7% ஆகச் சரிந்தது. அதாவது, வேலை கூடியிருக்கிறது. மாதச் சம்பள வேலை அதே வேகத்தில் கூடவில்லை.

படித்தவர்களுக்கு ஏன் அதிக அடி?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ‘இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024’ சொல்லும் கணக்கு இது: 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1%, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4%. படிக்காதவருக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தமல்ல. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்பவரால் காத்திருக்க முடியாது. கிடைத்த வேலைக்குப் போய்விடுவார். படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருப்பவர்தான் புள்ளிவிவரத்தில் தெரிகிறார்.

எனக்குத்தான் வேலை இருக்கே, எனக்கென்ன?

இந்தியப் பொருளாதாரத்தில் சுமார் 60% மக்கள் செய்யும் செலவிலிருந்து வருகிறது. வருமானம் இல்லாதவர் பைக் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். ஷோரூமில் விற்பனை குறையும், தொழிற்சாலை ஆள் எடுப்பதை நிறுத்தும், இன்னும் சிலருக்கு வேலை கிடைக்காது. அரசுக்கும் வரி வருமானம் குறையும். நலத்திட்டச் செலவு கூடும்.

உங்கள் சம்பள உயர்வும் இதில் மாட்டிக்கொள்ளும். ‘இந்தச் சம்பளத்துக்கு வர வெளியே பத்துப் பேர் நிக்கிறாங்க’ என்று நிறுவனம் சொல்ல முடிகிற வரை, கூடுதலாகக் கேட்கும் பலம் உங்களிடம் குறைவுதான்.

அடுத்த முறை இந்தச் செய்தியைப் படிக்கும்போது...

2025 முதல் இந்த விகிதம் மாதந்தோறும் வெளியாகிறது. 2025 ஏப்ரல் மாத விகிதம் 5.1%. உடனே ‘3.2-லிருந்து எகிறிடுச்சு’ என்று பதற வேண்டாம். ஆண்டுக் கணக்கு கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. மாதக் கணக்கு கடந்த 7 நாட்களை. அந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர்தான்.

எனவே விகிதத்தோடு நிறுத்தாதீர்கள். எந்த அளவுகோல், எந்த வயது, என்ன மாதிரியான வேலை என்ற மூன்றையும் பாருங்கள்.