மணவீட்டாரும் படம் பிடிப்போரும்

விழுப்புரத்தை அடுத்த காணையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பல வீடுகளின் கூடத்துச் சுவரிலே, சந்தனப் பொட்டிட்டு மாலை சார்த்திய படங்கள் சில தொங்குவதைக் காணலாம். மறைந்த பாட்டனாரோ பாட்டியாரோ அப்படத்தில் இருப்பர். முகம் சற்றே மங்கியிருக்கும். தோளருகே வேறொருவருடைய கையோ பட்டுச் சேலையின் ஓரமோ பாதியில் அறுபட்டு நிற்கும். காரணம் உசாவினால், "அது சித்தி கல்யாணத்தில் எடுத்த படம், அதிலிருந்துதான் பெரிசு பண்ணினோம்" என்பர். உழவர் குடியிற் பிறந்த முதியோருள் தமக்கென்று தனியே படம் எடுத்துக்கொண்டவர் மிகச் சிலரே. பேரன் பேத்தியர் கலியாணத்திற் கூட்டத்தோடு கூட்டமாய் அகப்பட்ட ஒரு முகமே பின்னாளில் அவருடைய ஒரே உருவமாக எஞ்சுகின்றது. ஆதலின், கலியாணத்திற்குப் படம் பிடிப்பவரை அமர்த்துதல் பந்தலுக்கும் பந்திக்கும் அடுத்த சில்லறைக் காரியம் என்று கருதுவோரோடு யாம் உடன்படுதற்கில்லை.

நிழற்படக் கலை பிரான்சு தேயத்துத் தாகேர் என்பவரால் 1839-இல் உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டு கழிவதற்குள், 1857-இல், டாக்டர் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்பவரின் முயற்சியால் சென்னையில் ஒரு போட்டோகிராபிச் சங்கம் தோன்றிவிட்டது. அக்காலத்தையொட்டி லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி தஞ்சை, மதுரை, திருவரங்கம் முதலிய இடங்களின் கோயில்களைப் படம் பிடித்தார். அப்படங்களிற் கோபுரமும் மண்டபமும் தூணும் நிரம்ப உண்டு, மனிதர் அரியர். வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள அந்நாளைய முறைகளுக்கு நெடுநேரம் பிடித்தமையின், அசையும் பொருள் செம்மையாய்ப் பதியாது. கலியாணமோ முழுவதும் அசைவு. ஆகவே, மணமக்களைப் படத்திற் காண விரும்பியவர் மணம் முடிந்தபின் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய், எழுதிய திரையின் முன் மூச்சடக்கி நின்று வரவேண்டியதாயிற்று. பழைய படங்களில் மணமக்கள் முகத்திற் காணும் கடுகடுப்பை அவர்தம் மனநிலை என்று எண்ணி நகைப்போர் உளர். அதிற் பெரும் பங்கு கருவியின் மந்தத்தால் விளைந்ததாகும். எஞ்சியது, படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நாட்டுப்புறத்தில் நெடுங்காலம் நிலவிய அச்சத்தால் விளைந்ததாகலாம்.

இத்தகைய பழம்படங்களின் மதிப்பு இன்று அறிஞர்க்கும் புலனாகியிருக்கின்றது. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் துணைகொண்டு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் குடும்பங்களிலும் எஞ்சிய பழைய படங்களைத் தேடிக் கணினிப் படிகளாகச் சேமித்தனர். அவர்கள் தேடியவை அரசர் படங்களல்ல; நம்மைப் போன்றார் தம் குடும்பப் படங்களே.

இனி, அமர்த்தும் முறையைக் கூறுவாம். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்து இந்துக் குடும்பங்களிற் கலியாணம் செய்வாரில்லை. புரட்டாசியைத் தவிர்ப்பாரும் பலர். எஞ்சிய மாதங்களில் நல்ல முகூர்த்த நாட்கள் சிலவே அமைகின்றன. தை பிறந்து நெல்லும் கரும்பும் காசான பின் வரும் முகூர்த்தத்தில் விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை மண்டபம் கிடைப்பது அரிது. மண்டபம் எத்தனையோ அத்தனை படக்காரரும் வேண்டுமன்றோ? அதனால் ஒரே ஸ்டூடியோவார் ஒரே காலையில் இரண்டு மூன்று கலியாணங்களுக்கு அச்சாரம் வாங்கிக்கொண்டு, ஒன்றிற்குத் தாம் போய், மற்றவற்றிற்கு அன்றாடக் கூலிக்கு வேறு ஆட்களை அனுப்புதல் வழக்கமாய்விட்டது. இஃது ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. ஆண்டில் சில நாட்களின் வருவாயைக் கொண்டு ஆண்டு முழுதும் கடை வாடகை கொடுப்பவர், வந்த வேலையைத் தள்ளுதல் எளிதன்று. ஆயினும் மணவீட்டார் முதலிற் கேட்க வேண்டுவது விலையன்று, "எங்கள் வீட்டுக்கு வருபவர் யார்? அவர் எடுத்த படத்தைக் காட்டுங்கள்" என்பதே.

காட்டும்போதும் ஒரு நுட்பம் உண்டு. கடையின் முகப்பிலும் கைப்பேசியிலும் காட்டப்படுவன நூறு கலியாணங்களிற் பொறுக்கிய நூறு படங்கள். அவற்றால் ஒருவருடைய திறமை விளங்காது. ஒரே கலியாணத்தின் படங்களை, பெண்ணழைப்பு முதல் கட்டுச்சோறு வரை, ஒன்றும் விடாது காட்டுமாறு கேட்டல் நன்று. விடியற்காலை முகூர்த்தமாகவும், சிற்றூர் மண்டபமாகவும் இருப்பின் மிக நன்று. ஏனெனில் அங்கேதான் தொழிலின் இடுக்கண் அத்தனையும் உண்டு. குழல்விளக்கு ஒரு நிறத்தில் எரியும். மேடையின் அலங்கார விளக்கு வேறொரு நிறத்தில் எரியும். ஓமப்புகை கண்ணாடியை மறைக்கும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிக்கும் அவருடைய கரிய முகத்திற்கும் ஒரே அளவு வெளிச்சம் ஒவ்வாது. வேட்டிக்கு அளவு வைத்தால் முகம் இருளும். முகத்திற்கு வைத்தால் வேட்டி வெளுத்து மடிப்பே தெரியாது போகும். இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும் படத்தை எடுத்தவர் தொழில் அறிந்தவர் என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

சடங்கு அறிந்தவரா என்பது அடுத்தது. கெட்டிமேளம் முழங்கும் நேரம் மிகச் சிறிது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். பின் நின்று நாத்தனார் முடிச்சிடும் வழக்கமுள்ள வீடுகளில் அவள் கையைக் கண்டு பிடித்தவர் சிலரே. அட்சதை பறக்கும், உறவினர் எழுவர், மறைப்பு விழும். இன்னது எப்பொழுது வரும் என்று முன்னறியாதவர் அப்போது கருவியைத் திருகிக்கொண்டிருப்பார். சுயமரியாதைத் திருமணங்கள் 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தாற் சட்டம் ஏற்றவை. அவற்றில் மாலை மாற்றுதலோ மோதிரம் அணிவித்தலோ தாலி கட்டுதலோ ஒன்றே மணத்தை நிறைவிக்கும். கிறிஸ்தவ ஆலயத்தில் வாக்குறுதி கூறும் நேரமே உயிர்நிலை. அந்நேரத்தில் பீடத்தருகே எவர் செல்லலாம், மின்னொளி பாய்ச்சலாமா என்பதைக் குருவானவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மயிலம், திருவாமாத்தூர் போன்ற இடங்களிற் கோயிலில் மணம் செய்வோர் கோயில் அலுவலகத்தாரிடம் முன்னரே இசைவு பெறுக. கோயில்களிற் கைப்பேசியைத் தடுக்க வேண்டுமென்று 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை பணித்தது. அதன்பின் காவலர் கண்டிப்பு ஆங்காங்கே மிகுந்துள்ளது. தாலி கட்டும் வேளையில் வாயிலிற் படக்காரர் வாதாடிக்கொண்டிருத்தல் எவருக்கும் நன்றன்று.

பேச்சு முடிந்தால் அரைத் தாளிலேனும் எழுதிக்கொள்க. எத்தனை பேர் வருவர், எந்நேரம் முதல் எந்நேரம் வரை, ஆல்பம் எத்தனை பக்கம், படங்கள் அனைத்தும் கணினிக் கோப்பாக நமக்குக் கிடைக்குமா, எந்நாளிற் கிடைக்கும், பணம் எத்தவணையில் என்பன அதில் இருத்தல் வேண்டும். ஒரு பகுதிப் பணத்தை ஆல்பம் கைக்கு வந்த பின்னரே கொடுப்பதாக வைத்துக்கொள்வது இருவர்க்கும் நல்லது. இரண்டு நினைவுத் தகடுகளில் ஒருங்கே பதியும் கருவிகள் இப்பொழுது உள; ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும். அத்தகைய கருவி உளதா என்று கேட்பதில் நாணமில்லை. நம் பக்கத்திற் பெண்வீட்டார் ஒரு படக்காரரையும் பிள்ளைவீட்டார் ஒருவரையும் அழைத்து வந்து, மேடையில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் காட்சி புதிதன்று. எவர் எந்நிகழ்ச்சிக்குப் பொறுப்பு என்பதைச் சம்பந்திகள் முன்னரே பேசிக்கொண்டால், மனத்தாங்கலும் மிஞ்சும், பணமும் மிஞ்சும் என்ற நிலை வாராது. பணம் மட்டுமே மிஞ்சும்.

இனி அன்றைய நாளில் மணவீட்டார் செய்ய வேண்டுவது. வெளியூரிலிருந்து வந்த படக்காரர்க்கு உங்கள் பெரியம்மா யார், தாய்மாமன் யார் என்று தெரியாது. பட்டும் நகையும் பூண்டு மேடையேறுவோரை அவர் எடுப்பார். தூணோரம் முக்காலியிற் சாய்ந்திருக்கும் மூதாட்டியை எடுக்கார். வரவேற்பு மாலையில் வரிசையாக ஏறி, பரிசைக் கொடுத்து, ஒருகணம் நின்று இறங்குவோரின் படங்களே ஆல்பத்திற் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. ஆண்டு பல சென்றபின் அவர்களிற் பலருடைய பெயரும் நினைவிற்கு வாராது. ஆதலின், உறவுமுறை அறிந்த வீட்டுப் பிள்ளை ஒருவனை நாள் முழுதும் படக்காரரோடு நிறுத்துக. எழுபது வயது கடந்தோர் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அவன் கையிற் கொடுத்து, முகூர்த்தம் முடிந்து பந்தி கூடுமுன், காலை வெளிச்சம் நன்றாயிருக்கும்போதே, மண்டபத்து வாயிலருகே நாற்காலியிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுக்கச் செய்க. செலவு ஒன்றுமில்லை, அரைமணி நேரம் போதும். சமையற்கட்டும், மொய் எழுதுவோரும், நாதசுரக்காரரும் கூட அச்சீட்டில் இருக்கலாம். படக்காரர்க்கும் அவர் துணையாட்களுக்கும் வேளையிற் சோறு போட ஒருவரைப் பணித்தலும் வேண்டும். விடியுமுன் வந்து பசியோடு நிற்பவரிடம் பொறுமையை எதிர்பார்த்தல் நீதியன்று.

படம் பிடிப்போர் பக்கத்துக் குறையும் ஒன்றிரண்டு உண்டு. மேடையை மறைத்து நின்று, வாழ்த்த வந்தோர்க்குத் தங்கள் முதுகையே காட்டுதல் ஒன்று. முடிச்சைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, "இங்கே பாருங்க" என்று மணமகனை ஏவுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் முதல் நாளே மென்மையாகச் சொல்லித் தடுக்கலாம். மூன்றாவது குறை அவரால் மட்டும் விளைந்ததன்று: கரிய முகத்தை வெளுக்கச் செய்தல். பழைய ஸ்டூடியோக்களிற் கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் கையால் வண்ணம் தீட்டினர். இன்று கணினி அதனைச் செய்கின்றது. கேட்பவர் மணவீட்டாரே. ஆனால் தன் பாட்டியின் நிறத்தோடு பிறந்த பெண்ணை, ஆல்பத்தில் அயல்நாட்டாள் போல ஆக்கி வைத்தால், பின்னே பிறக்கும் மகள் தன் சாயலை எங்கே தேடுவாள்? நிறத்தை மாற்ற வேண்டாம் என்று ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதுமாறு யாம் வேண்டுகின்றோம்.

படங்கள் எவருக்கு உரியன என்பதிற் பலர்க்கும் ஐயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தம் வேண்டுகோளால் எடுப்பித்த படத்திற்கு, மாறான உடன்படிக்கை இல்லாவிடின், எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். ஆகவே, மணப்பெண்ணின் படத்தைக் கடை முகப்பிலோ விளம்பரத்திலோ இட விரும்பும் ஸ்டூடியோவார் கேட்டே இடல் வேண்டும். ஆனால் அச்சிட்ட படிவத்திற் கையெழுத்திடும்போது அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஒன்று அடியில் இருத்தல் கூடும், படித்தபின் ஒப்பமிடுக.

கலியாணம் முடிந்தபின் தாமதம் பெரும்பாலும் நம்முடையதே. இரண்டாயிரம் படங்களிலிருந்து இருநூற்றைப் பொறுக்கித் தருமாறு படக்காரர் அனுப்புவார். மணமக்கள் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவர். மாமியார் ஒன்றும் தாயார் ஒன்றும் சொல்ல, ஓராண்டு ஓடிவிடும். அதற்குள் ஸ்டூடியோவின் கணினி கெட்டாலும் கெடலாம். ஒரு மாதத்திற்குள் தெரிந்து கொடுத்து, கோப்புகளின் படியை இரண்டு வீடுகளில், இரண்டு வேறு பெட்டிகளில் வைத்துக்கொள்க. முதியோர் படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலாற் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுக.

தாளுக்கும் இடர் உண்டு. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயலால் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்திற் பல வீடுகளில் நீர் புகுந்தது. ஆல்பத்தை அடிப்பெட்டியில் வையாது உயரத்தில், உறையிட்டு வைத்தல் முதற் காவல். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்த்தெடுத்தல் ஆகாது. பிய்த்தால் முகம் எதிர்ப்பக்கத்திலே ஒட்டிக்கொண்டு போய்விடும். நல்ல குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் தாமே நெகிழும். பின் சேறு போக மெல்ல அலசி, படமுள்ள பக்கம் மேலாக, வெயில் படாத நிழலிற் காற்றாடப் பரப்பி உலர்த்துதல் வேண்டும். உடனே செய்ய இயலாதாயின் ஈரம் காயவிடாது, பிளாஸ்டிக் தாளில் ஒவ்வொன்றாய்ச் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்து, ஓய்வு கிடைத்தபோது எடுத்து அலசலாம்.