கோட்டைக்குள் நின்ற சிலுவைக் கோயில்

யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியைக் கடந்து உள்ளே செல்வோர், முருகைக்கற்கள் குவிந்து கிடக்கும் ஓரிடத்தைக் காண்பர். ஒல்லாந்தர் 'குறூயிஸ் கேர்க்' என்று அழைத்த சிலுவைக் கோயில் நின்ற இடம் அதுவே. நான்கு கைகளும் ஒத்த நீளமுடைய சிலுவையின் வடிவிலே அமைந்தமையால் அப்பெயர் வழங்கிற்று. கொழும்பிலுள்ள வுல்ஃபெண்டால் தேவாலயமும் சிலுவை வடிவினதே. அதன் திருப்பணி 1757ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. நம்முடையதோ 1706ஆம் ஆண்டினது. ஆகவே அரை நூற்றாண்டு மூத்தது.

இக்கோட்டையை முதலில் எழுப்பியவர்கள் போர்த்துக்கீசர். அற்புத மாதாவின் பெயரையே அதற்குச் சூட்டினர். 1658ஆம் ஆண்டிலே அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நாற்சதுரமாயிருந்த அரணை ஐந்து கொத்தளங்களுடன் புதிதாகக் கட்டினர். சமயத்தால் போர்த்துக்கீசருக்கு மாறுபட்டவர்களாயினும் அவர்களுடைய மணியை ஒதுக்கினாரில்லை. அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த அந்த மணி சீர்திருத்தச் சபையாரின் கோயிலிலே தொங்கிற்று. நல்ல மணியை யார்தாம் எறிவார்?

1980ஆம் ஆண்டளவில், மாணவனாயிருந்தபோது, எங்கள் ஆசிரியர் ஒருவர் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். வெளியே வெயில் கொளுத்திற்று. பருத்த சுவர்களுக்குள்ளே கிணற்றடியின் குளிர்ச்சி. நிலத்திலே பதித்திருந்த கல்லறைக் கற்களின் மேல் வெறுங்காலுடன் நடந்தோம். புடைத்து நின்ற ஒல்லாந்த எழுத்துக்கள் உள்ளங்காலில் உறுத்தின. இறந்தவர்மேல் நடக்கலாமா என்று ஒருவன் கேட்டான். "மெல்ல நட" என்றார் ஆசிரியர்.

பகைவரின் பீரங்கிகளிலிருந்து கோயிலைக் காக்கவே கோட்டை மதில் என்று அக்காலத்தவர் எண்ணியிருப்பர். நடந்தது அதற்கு நேர்மாறானது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, கோட்டைக்குள்ளிருந்த இராணுவத்தை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். செப்ரெம்பர் வரை அது நீடித்தது. அம்முற்றுகையிலும் அதனையடுத்த அழிவுகளிலும் 284 ஆண்டுகள் நிலைத்த கோயில் தரைமட்டமாயிற்று. வழிபடுவோர் அருகிப்போன கோயிலாதலால், அதனை இழந்தோம் என்று அழுத சபையொன்றும் அங்கே இருக்கவில்லை.

வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் கதை வேறு. அந்நியர் ஆட்சிக்காலத்துப் பழைய கோயிலாகிய அது, கூரையின்றிப் பாழாய்க் கிடந்தது. 1817ஆம் ஆண்டிலே அங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் அதனைத் திருத்தினர். ஊரவர் உள்ளே வந்தனர். பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு அதுவே பேராலயமாயிற்று. கற்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேற்றுமையில்லை.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், நெதர்லாந்து அரசின் உதவியுடன் கோட்டை மதில்கள் சீரமைக்கப்பட்டன. ஒல்லாந்தர் கட்டியதை ஒல்லாந்தர் பணமே திருத்தியது. ஆயினும் சிலுவைக் கோயில் மீளக் கட்டப்படவில்லை. மாணவரை நான் அங்கே அழைத்துச் செல்லும்போது, வாயில் எது, பீடம் எது என்று கையாலே காற்றில் வரைந்து காட்டுகிறேன்.