ஒரே யோசனை: துயரத்தை எங்கே இறக்கி வைப்பது?

நித்திரை தொலைந்த வீடுகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மனச்சோர்வு என்ற சொல்லைக் கேட்பது அரிது. "ஒரே யோசனை", "நித்திரை இல்லை", "நெஞ்சை அடைக்குது" என்பார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் நீண்ட போர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இன் சுனாமி இருக்கிறது. 2006இல் சம்பூரையும் மூதூரையும் விட்டு ஓடிய நாட்கள் இருக்கின்றன. இவற்றினும் கொடியது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் தங்கிவிட்ட துயரம். உடல் கிடைத்தால் அடக்கம் செய்யலாம், முப்பத்தோராம் நாள் பூசை வைக்கலாம். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் அழுது முடிப்பதற்கும் வழியில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படித் தவிப்பவர்கள் பலர் முதலில் போவது கோயிலுக்கு. சுவாமியிடம், போதகரிடம், செபக் கூட்டத்துக்கு. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அங்கே உண்மையாகவே ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் ஆற்றுவது எது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். கிழமை தவறாமல் கூடுவதும், கூடிய இடத்தில் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல முடிவதும் ஆற்றுகின்றன. ஒரே இரவில் குணம் என்னும் வாக்குறுதிக்கு அந்த வலிமை இல்லை.

கூடுவதன் பலன்

அமெரிக்கத் தாதியர் 89,708 பேரை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. கிழமைக்கு ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போனவர்களிடையே தற்கொலை, ஒருபோதும் போகாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. மனம் தளர்ந்தவர்கள் கோயிலுக்குப் போவதை விட்டுவிடுவார்கள், அதனால்தான் கணக்கு இப்படி வருகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புத்தான். ஆய்வாளர்களும் முன்பே இருந்த மனச்சோர்வைக் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள், வேறுபாடு மறையவில்லை. தாதியரின் வாழ்வும் உப்புவெளி மீனவப் பெண்ணின் வாழ்வும் ஒன்றா என்றும் கேட்கலாம். சுனாமிக்கு இருபது மாதங்களின் பின் இலங்கையின் தென்கரையில் நடந்த ஆய்விலும், தங்களுக்கு உதவியவையாக மக்கள் சொன்னவை சொந்த மனவலிமை, குடும்பமும் நண்பர்களும், ஆஸ்பத்திரி, சமய வழிபாடு ஆகியவையே. அது பௌத்தர்கள் மிகுந்த கரை. ஆகவே இந்த ஆறுதல் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்லமாட்டேன். கோணேசர் வாசலில் நிற்பவருக்கும் பள்ளிவாசலில் தொழுபவருக்கும் அது கிடைக்கலாம்.

எதிரான சான்றும் உண்டு. இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1,802 பேருக்காக முன்பின் தெரியாதவர்கள் தொலைவிலிருந்து செபித்ததை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வு, அதனால் பலன் எதையும் காணவில்லை. இதைக் கேட்டு விசுவாசிகள் மனம் நோக வேண்டியதில்லை. கடவுளை அளக்கும் கருவி எந்த ஆய்வாளரிடமும் இல்லை. கையைப் பிடித்து, பெயர் சொல்லி, பக்கத்தில் இருந்து செபிப்பவர் அந்த ஆய்வில் இல்லை என்பதையே நான் கவனிக்கிறேன்.

முறைப்பாடும் செபம்தான்

சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில், மனவடுவுக்கு ஆளான 31 சிறுவர்களில் ஒரு குழு ஆறு அமர்வுகளில் தம் கதையைக் கோவையாகச் சொன்னது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதங்களின் பின் முதற்குழுவில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வு, சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை. ஆனாலும் நல்ல செபத்தில் இவ்விரண்டுமே இருக்கின்றன. செபமாலையின் சீரான ஒலியில் மூச்சு நிதானப்படுகிறது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும்போது ஊரே சேர்ந்து அழுகிறது. வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். ஏன் கைவிட்டீர் என்று கடவுளிடமே நேரே கேட்பவை அவற்றில் உண்டு.

இப்படி முறையிட இடம் கொடுக்காத சபை நோவைக் கூட்டும். "விசுவாசம் குறைவு, அதுதான் இந்தத் துக்கம்" என்று சொல்லப்பட்ட தாய் இரண்டு சுமைகளோடு வீடு திரும்புகிறாள். நோயுற்ற முதியோர் 596 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு 2001இல் வந்தது. கடவுள் தம்மைக் கைவிட்டார் என்று உள்ளூரப் போராடியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

குளிசையும் செபமாலையும்

செபத்தைப் புகழ்ந்தால் சனம் மருந்தை விட்டுவிடும் என்பதே வைத்தியர்களின் பெரிய மறுப்பு. அந்தப் பயம் வீணானதல்ல. மனச்சோர்வுக்கான குளிசை வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். நினைத்தபடி நிறுத்தினால் நோய் திரும்பலாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டிருந்தால், இல்லாத குரல்கள் கேட்டால், சாவைப் பற்றிய பேச்சு வந்தால் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்பதைச் செபக்குழு நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குளிசையை எறியச் சொல்லும் போதகர் பாவம் செய்கிறார். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. சபையில் சொல்லப்பட்ட அந்தரங்கம் சாட்சியாக வெளியே உலாவுவதும் அதே அளவு கேடு.

செபத்தையும் சிகிச்சையையும் சேர்த்து நடத்துவது கிழக்குக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவின் பின்னால் இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் இருந்தார். போர் தின்ற தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் தம்மை மீட்டெடுத்தார்கள். திருகோணமலைப் பங்குகளில் இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. உளநலக் கிளினிக் நாளில் துயருற்ற ஒரு தாயோடு பஸ் ஏறி, அவளது முறை வரும்வரை வாங்கில் கூட இருக்க பங்கின் அயல் குழுவான அன்பியத்திலிருந்து ஒருவர் வந்தால் போதும். பூசை நேரங்கள் ஒட்டிய பலகையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் ஒட்டப்பட்டிருக்கட்டும்.